அப்லோட்ஸ் ஃபோல்டரில் எதுவும் ஓடக்கூடாது

"தம்பி, நம்ம கடை பேரைக் கூகுள்ல தட்டுனா சூதாட்டம் வருதுப்பா. புள்ளைக முன்னால எப்படிக் காட்டுறது?"

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் காக்கா ஒருவர் போனில் இப்படிச் சொன்னார். முகவரியை நேராக அடித்தால் அவர் கடைதான் வந்தது. கூகுளில் தேடி உள்ளே போனால் ரம்மியும் பந்தயமும் வந்தன. சைட்டுக்குள் புகுந்தவன் அப்படித்தான் வைப்பான். சொந்தக்காரர் நேராக வருவார், வாடிக்கையாளர் கூகுள் வழியாக வருவார் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் மாதக்கணக்கில் சொந்தக்காரருக்கே விஷயம் தெரியாமல் போய்விடுகிறது.

பள்ளிக்கூடம், ஜமாத், மீனவர் சங்கம் என்று இதே புகாரோடு வருகிறவர்கள் குறையவே இல்லை. எல்லோரும் செய்யும் தவறும் ஒன்றுதான். சைட் செய்து கொடுத்த பையனைக் கூப்பிடுகிறார்கள். அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய பேக்கப்பை ஏற்றுகிறான். ஒரே வாரத்தில் சூதாட்டம் திரும்ப வந்துவிடுகிறது. நுழைந்த வழி திறந்தே கிடக்கிறது, நுழைந்தவன் விட்டுப்போன தடம் மட்டும் அழிந்துவிட்டது.

காக்கா நல்லவேளையாக எதையும் அழிக்கவில்லை. மொத்த வியாபாரிகள் தங்களுக்கு வேண்டிய சரக்கைப் படம் எடுத்து அனுப்ப அவர் சைட்டில் ஒரு படிவம் உண்டு. அந்தப் படங்கள் போய் விழும் அப்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தோம். நெத்திலி, சீலா, வாளை என்று படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் 300 கேபி, 400 கேபி. நடுவில் ஒன்று மட்டும் 2 கேபி. அதன் பெயர் 'டி7.பிஎச்பி.ஜேபிஜி'. நோட்பேடில் திறந்தால் உள்ளே படமே இல்லை. பதினைந்து இருபது வரி நிரல் இருந்தது. அந்த ஒரு ஃபைல் வழியாகத்தான் மற்ற எல்லாம் உள்ளே வந்திருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சைட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வர் ஒரு ஃபைலைப் பெயரின் வாலைப் பார்த்துத்தான் நடத்துகிறது. ஜேபிஜி என்றால் படமாக அனுப்பும், பிடிஎஃப் என்றால் ஆவணமாக அனுப்பும். பிஎச்பி என்றால் அனுப்பாது. உள்ளே எழுதியிருப்பதை ஓட்டிப் பார்த்து, வருகிற விடையை மட்டும் அனுப்பும். எந்த வாலுக்கு எந்த வேலை என்று சர்வருக்குச் சொல்லிவைக்கும் வரிக்கு அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் 'ஆட்ஹேண்ட்லர்' என்று பெயர். சிக்கல் இங்கேதான். ஒரு பெயரில் இரண்டு வால் இருந்தால் அப்பாச்சி இரண்டையும் கணக்கில் எடுக்கிறது. 'டி7.பிஎச்பி.ஜேபிஜி'யில் கடைசி வால் 'இது படம்' என்கிறது, நடு வால் 'இதை ஓட்டு' என்கிறது. சர்வர் ஓட்டிவிடுகிறது. காக்காவின் படிவமோ கடைசி வாலை மட்டும் பார்த்துப் படம் என்று உள்ளே விட்டுவிட்டது. அப்பாச்சியின் சொந்தக் கையேடே இதை எச்சரித்து எழுதியிருக்கிறது. படிக்காமல் சைட் கட்டி விற்கிறவர்களை என்ன செய்வது?

சர்வர் முழுவதும் உங்கள் கையில் இருந்தால், ஆட்ஹேண்ட்லர் வரியை எடுத்துவிட்டு 'ஃபைல்ஸ்மேட்ச்' கட்டத்துக்குள் 'செட்ஹேண்ட்லர்' போடச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் பிஎச்பி என்ற வாலுக்குப் பின்னால் டாலர் குறி இருக்க வேண்டும். பெயர் அங்கே முடிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பலரைப் போல வாடகை ஹோஸ்டிங்கில் இருந்தால், சிபேனலின் ஃபைல் மேனேஜரில் செட்டிங்ஸைத் தொட்டு, மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் 'எச்டிஆக்ஸஸ்' என்ற ஃபைலை உண்டாக்கி, பெயரில் எங்கேனும் புள்ளியோடு பிஎச்பி, பிஎச்டிஎம்எல், பிஎச்ஏஆர் இருந்தால் 'ரிக்வயர் ஆல் டினைட்' என்று எழுத வேண்டும். இங்கே டாலர் குறி போடக்கூடாது. போட்டால் இரட்டை வால் ஃபைல் தப்பிவிடும். ஓட்டுவதற்கு டாலர் வேண்டும், தடுப்பதற்கு வேண்டாம். இந்த ஒரு எழுத்தில் பலர் வழுக்கி விழுவதைப் பார்த்ததால் அழுத்திச் சொல்கிறேன்.

சர்வர் என்ஜின்எக்ஸ் என்றால் எச்டிஆக்ஸஸ் ஃபைலை அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஃபைல் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். என்ஜின்எக்ஸில் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குத் தனி 'லொகேஷன்' கட்டம் எழுதி, அங்கே பிஎச்பியை அடைக்க வேண்டும். பிஎச்பியின் அமைப்புகளில் 'சிஜிஐ ஃபிக்ஸ் பாத்இன்ஃபோ' என்பதைச் சுழியம் ஆக்க வேண்டும்.

எந்தச் சர்வராக இருந்தாலும், வந்து விழும் ஃபைலுக்கு வந்தவர் வைத்த பெயரை விடாமல் சர்வரே புதுப் பெயர் சூட்டட்டும். உள்ளே இருப்பது படம்தானா என்று ஃபைலையே திறந்து சோதிக்கட்டும். 'இது படம்' என்று பிரவுசர் அனுப்பும் குறிப்பை நம்பக்கூடாது. அனுப்புகிறவன் அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஓட வேண்டிய ஃபைல் ஓடாமல் அப்படியே வெளியே போய்விடும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திருத்துமுன் பலர் பெயரின் கடைசியில் 'பேக்' என்றோ 'ஓல்ட்' என்றோ சேர்த்து ஒரு நகல் வைப்பார்கள். கடைசி வாலை மட்டும் பார்க்கும்படி அமைத்த சர்வர் அந்த நகலை வெறும் எழுத்தாகக் கேட்டவனுக்கெல்லாம் கொடுக்கும். பள்ளிக்கூடச் சைட்டில் உதவித்தொகைக்கு வாங்கிய ஆதார் நகல்கள் கிடக்கும் ஃபோல்டரில் பட்டியல் காட்டுவதை நிறுத்தாவிட்டால், அத்தனை பிள்ளைகளின் ஆதாரும் வரிசையாகத் தெரியும். ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவு ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று சொல்லித் தப்ப நினைக்க வேண்டாம். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். ஆதார் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். சந்தேகம் என்றால் 1947 எண்ணை அழையுங்கள்.

சரி, புகுந்துவிட்டான். இப்போது என்ன செய்வது? முதல் வேலை, எதையும் அழிக்காதீர்கள். சிபேனலில் 'ரா ஆக்ஸஸ்' என்ற இடத்தில், சைட்டுக்கு யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவான லாக் கிடைக்கும். அதை உடனே இறக்குங்கள். பல ஹோஸ்டிங்கில் பழைய லாக் தானாகவே அழிந்துவிடும். புகுந்த ஃபைலையும் முழு சைட்டையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, தேதி நேரம் எழுதி வையுங்கள். பையன் 'கிளீன் பண்ணிடுறேன் அண்ணே' என்று அவசரப்படுத்தினாலும் லாக் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

அடுத்தது செர்ட்-இன். மத்திய அரசின் இந்த அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, சைட்டில் அந்நியர் புகுந்து வெளி இணைப்புகளைச் செருகினால், அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தெரிவித்தாக வேண்டும். சர்வர் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். ஹோஸ்டிங்காரர் 'லாக் இல்லை' என்றால் இந்தத் தேதியைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். செர்ட்-இன் கட்டணமில்லா எண் 1800-11-4949.

போலீஸ் புகாரைத் தேசிய சைபர் கிரைம் தளத்தில் பதியுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். உள்ளூர் நிலையத்தில் 'பணம் போகலையே, அப்புறம் என்ன புகார்?' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். கேட்கும்போதே எரிச்சல் வருகிறது. மோசடி நோக்கத்தோடு அனுமதியின்றி நுழைந்ததே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி குற்றம். 78-ஆம் பிரிவுப்படி இதை விசாரிக்க இன்ஸ்பெக்டரோ அவருக்கு மேற்பட்டவரோ வேண்டும் என்பது உண்மைதான். அது புகாரை வாங்காமலிருக்கக் காரணம் ஆகாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173-ஆம் பிரிவு, எல்லை பார்க்காமல் புகாரைப் பெறச் சொல்கிறது. மறுத்தால் அதே பிரிவின் நான்காம் உட்பிரிவுப்படி ராமநாதபுரம் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நஷ்டஈடு வேண்டுமென்றால் அதற்குத் தனி வழி உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவுப்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரி. 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். பேருக்கு இருக்கும் பதவி என்று ஒதுக்க வேண்டாம். 2010 ஏப்ரலில், பக்கத்துத் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்து போலி மின்னஞ்சலில் பணம் இழந்த ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி தனியார் வங்கி ஒன்றுக்கு இந்த அதிகாரிதான் உத்தரவிட்டார். ஆனால் லாக் இல்லாமல் அங்கே போய் நின்று பயனில்லை. மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். அழித்த ஃபைலுக்கு ஹாஷ் எங்கிருந்து எடுப்பது?

சைட்டைச் சரிசெய்துவிட்டேன் என்று பையன் சொன்னால் உங்கள் கண் முன்னால் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். இரண்டையும் மூன்றையும் கூட்டிக் காட்டும் ஒற்றை வரி பிஎச்பி நிரலை 'சோதனை.பிஎச்பி.ஜேபிஜி' என்ற பெயரில் அப்லோட்ஸ் ஃபோல்டரில் போடட்டும். அதன் முகவரியைப் பிரவுசரில் திறக்கட்டும். 5 என்று வந்தால் வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. காக்காவின் சைட்டில் முதல் தடவை 5 வந்தது. தடுப்பு வரியில் இருந்த டாலர் குறியை எடுத்த பிறகு இரண்டாம் தடவை '403' என்று வந்தது. சோதனை ஃபைலை அழித்தோம். அதற்குப் பிறகுதான் அவர் பையனுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.