எடைக்குறைப்பு அறுவைக்கு முன்னால்: செமோரிலேயே தொடங்க வேண்டிய தயாரிப்பு

எடைக்குறைப்பு அறுவை, கத்தி படும் நாளுக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடும் சிகிச்சை. இரைப்பையின் முக்கால் பங்கை நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்குவது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைப்பது 'பைபாஸ்'. எந்த முறையானாலும் அதன் பலனும் ஆபத்தும் நோயாளி எந்த நிலையில் மேசைக்கு வருகிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தவை. ஈப்போவுக்கு வடக்கே உள்ள செமோரிலிருந்தும் சுற்றியுள்ள பழைய தோட்டப் பகுதிகளிலிருந்தும் வருபவர்களிடம் இரண்டு குறைகள் அடிக்கடி தென்படுகின்றன. ஒன்று, பல ஆண்டுத் தாமதம். மற்றது, டாக்டரிடம் சொல்லாமல் விழுங்கிய மருந்து.

தாமதத்தின் விலை

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் பாதிப் பேர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இந்தியர்களிடம் மட்டும் இது 63.9 விழுக்காடு. அதே ஆய்வில் நாட்டின் நீரிழிவு விகிதம் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடம் 31.4. பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, விடியலிலிருந்து நடந்த உடல்களுக்குப் போட்ட சோற்று அளவு, தோட்டம் கைமாறி வீடமைப்பாகவும் செம்பனையாகவும் ஆன பிறகும் குறையவில்லை. வேலை மட்டும் மாறிவிட்டது. தொழிற்சாலை ஷிப்ட், காவல் வேலை, லாரி ஓட்டுதல் என உட்கார்ந்தும் நின்றும் செய்யும் வேலைகளே இன்று அதிகம்.

இனிப்புநீர் வந்த சில ஆண்டுகளுக்குள் அறுவை செய்துகொள்பவர்களில் பலருக்குச் சர்க்கரை அளவு மாத்திரையின்றியே கட்டுக்குள் வருகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஊசி போட்டுக்கொண்டிருக்கும் நிலையில் வருபவர்களுக்கு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அதற்குள் ஓய்ந்திருக்கும் என்பதால். முழங்கால் தேய்ந்து, சிறுநீரகம் பழுதாகி, படுத்தால் மூச்சு முட்டும் நிலையில் வருபவருக்கு அறுவையின் ஆபத்தும் கூடுதல். "கடைசி வழி" என்று இதை ஒத்திப்போடுவதுதான் பல நேரங்களில் பலனைக் கெடுக்கிறது.

எந்த எடையில் யோசிக்க வேண்டும்

கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. ஆசியர்களுக்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்ட அளவு 37.5, அல்லது நீரிழிவு, இரத்தக்கொதிப்பு போன்ற துணைநோய்களோடு 32.5. அதாவது 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு முறையே 96 கிலோ, 83 கிலோ. 2022இல் அமெரிக்க, அனைத்துலக எடைக்குறைப்பு அறுவைச் சங்கங்கள் இரண்டும் வரம்பைத் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே அறுவையைப் பற்றிப் பேசலாம் என்றன. எண் மட்டும் போதாது. உணவு, பழக்கம், மனநிலை, வீட்டுத் துணை எல்லாவற்றையும் பார்த்தே மருத்துவக் குழு முடிவு செய்யும்.

செமோரில் இருப்பவருக்கு முதல் படி அரசாங்கக் கிளினிக். அங்கிருந்து கடிதம் பெற்று ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை நிபுணர்களிடமும், தேவைப்பட்டால் கோலாலம்பூரில் இந்த அறுவை நடக்கும் மலாயாப் பல்கலைக்கழக, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்கும் போகலாம். கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். அந்த ஒரு ரிங்கிட்டுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கில் கொடுத்து மெலியும் தூள் வாங்குவது ஏன் என்பது புரியாத கேள்வி.

ஊரில் சுற்றும் தவறான நம்பிக்கைகள்

"கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள்" என்பது முதல் தவறு. உறிஞ்சி எடுப்பது தோலுக்கடியிலுள்ள கொழுப்பை அழகுக்காக நீக்கும் வேறொரு சிகிச்சை, அது நீரிழிவைக் குணப்படுத்தாது. எடைக்குறைப்பு அறுவை கொழுப்பைத் தொடுவதே இல்லை. குடலிலும் இரைப்பையிலும் சுரந்து பசியை ஆளும் ஹார்மோன்களை மாற்றுகிறது.

"சோம்பேறிகளின் குறுக்குவழி" என்பது அதைவிடக் கொடுமையான தவறு. பலமுறை எடை குறைத்து, பலமுறை ஏற்றிக்கொண்டவர்கள்தான் இந்த முடிவுக்கு வருகிறார்கள். எடை குறையும்போது பசியைக் கூட்டி, எரிசக்திச் செலவைக் குறைத்துப் பழைய எடைக்கே இழுப்பது உடலின் இயல்பு. மன உறுதிக் குறைவு என்று சொந்தக்காரர்கள் பேசும் பேச்சால் பல பெண்கள் கிளினிக் வாசலுக்கே வராமல் இருந்துவிடுகிறார்கள்.

"அறுவை செய்தால் இனி எடை ஏறவே ஏறாது" என்ற நம்பிக்கை எதிர்த்திசையில் கெடுக்கிறது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், அறுவை செய்தவர்களிடம் இறப்பு குறைந்ததும் உண்மை, முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் எடையில் ஒரு பகுதி திரும்பியதும் உண்மை. சிறு பையிலும் தே தாரேக், மைலோ, ஐஸ் கிரீம் எல்லாம் தடையின்றி வழுக்கி இறங்கும். பைபாஸ் செய்தவர் சீனியும் கட்டிப்பாலும் நிறைந்ததைக் குடித்தால் சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம், மயக்கம் வரலாம்.

"உயிர் மேசையிலேயே போய்விடும்" என்ற பயத்துக்கும் கணக்கு உண்டு. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 4,776 பேரில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் மூவர். தேர்ந்த மையங்களின் கணக்கு இது. தயாரிப்பில்லாமல் எங்கோ செய்துகொள்வோருக்கு இது பொருந்தாது.

"கல்யாணமாகாத பெண்ணுக்குச் செய்தால் பிள்ளை பிறக்காது" என்கிறார்கள். நடப்பது நேர்மாறு. எடை குறைந்ததும் ஒழுங்கற்ற மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடுவதுண்டு. வேகமாக எடை குறையும் அந்தக் காலத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் சத்து பற்றாது என்பதால் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. வேறு முறையை அறுவைக்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

முடி கொட்டுவது உண்மைதான். மூன்று நான்கு மாதங்களில் தொடங்கி, பெரும்பாலும் ஓராண்டுக்குள் மீண்டும் வளர்ந்துவிடும். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தவர்களுக்கே நீடிக்கிறது.

மறைத்து விழுங்கிய மருந்துகள்

வெந்தயத் தண்ணீர், கொள்ளு ரசம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றால் பெரிய கெடுதல் இல்லை, எடையும் குறையாது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தெரிந்தவர் மூலம் கைப்பேசியில் விற்கப்படும் மெலியும் காப்பி, தூள், கேப்ஸ்யூல் ஆகியவற்றில் சிபுட்ராமின் கலந்திருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதாகக் கண்டறியப்பட்டு 2010இலேயே பல நாடுகளின் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. அதை இன்னமும் "மூலிகை" என்று நம்பிக் குடித்துவிட்டு, நெஞ்சு படபடக்கிறது என்று வருவதை எத்தனை முறைதான் பொறுப்பது! மெலியும் தேநீர்கள் பலவற்றில் இருப்பது நிலாவாரை. பேதியானால் இறங்குவது தண்ணீர்தான், கொழுப்பன்று. அதோடு பொட்டாசியமும் இறங்கும். பொட்டாசியம் குறைந்த உடலுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது இதயத் துடிப்பு தடுமாறலாம்.

மூட்டுவலிக்கு வாங்கும் ஜாமு உருண்டைகளும் அதே வகை. வலி மாயமாய் மறைந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உண்டவரின் உடல் தானாக அதைச் சுரப்பதைக் குறைத்துவிடும். அறுவை நாளில் அது தெரியாமல் போனால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே கேடாகும். புண்ணும் சீக்கிரம் ஆறாது. சந்தேகம் வந்தவுடன் தானாக நிறுத்துவதும் தவறு, டாக்டரிடம் சொல்லி அவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும்.

பதிவு பெற்ற மருந்துப் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். வீட்டில் உள்ள மாத்திரை, தூள், தைலம், கஷாயம், சத்து மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முதல் சந்திப்பிலேயே மேசைமேல் வைப்பதைவிடப் பெரிய தயாரிப்பு கிடையாது. யாரும் திட்டப் போவதில்லை. திட்டினாலும் பரவாயில்லை, மறைக்கக் கூடாது.

பரிசோதனைகள்

இரத்தத்தில் சர்க்கரை, இரும்பு, பி12, டி வைட்டமின், கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இதயம், வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, குறட்டை விடுபவர்களுக்கு உறக்கப் பரிசோதனை, உணவுப் பழக்கம் பற்றிய மனநல ஆலோசனை ஆகியவை அறுவைக்கு முன் நடக்கும். மலேசிய இந்தியர்களிடம் அதிகம் காணப்படும் 'பைலோரி' கிருமி இருந்தால் அதற்கும் முன்கூட்டியே சிகிச்சை தரப்படும்.

கடைசி வாரங்கள்

சிகரெட்டை அறுவைக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தையல் கசிவும் நுரையீரல் தொற்றும் புகைப்பவர்களுக்கே அதிகம், பைபாஸ் செய்த இடத்தில் புண்ணும் வரும். பல அரசாங்கக் கிளினிக்குகளில் புகை நிறுத்த உதவும் பிரிவு உண்டு. குடியும் அப்படியே. பைபாஸுக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது. ஒரு பீரில் நின்றவர் அதற்கு அடிமையாவதும் உண்டு. சம்சுவுக்கு எத்தனை குடும்பங்களைப் பறிகொடுத்தோம் என்று தெரிந்த சமூகம் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு, சில இடங்களில் நான்கு வாரங்களுக்கு, நாளொன்றுக்கு 800 முதல் 1,000 கலோரி உணவு தரப்படும். சோறு, ரொட்டி சானாய், மீ, சீனி எல்லாம் விலகி, மீன், முட்டை, தௌஃபூ, கீரை, கொழுப்பு நீக்கிய பால், புரதத் தூள் ஆகியவை இடம்பெறும். எடைக் குறைவைக் காட்டுவதற்கல்ல இந்த விரதம். கொழுப்படைத்துப் பருத்த கல்லீரலின் இடப்பக்க மடல், இரைப்பையின் மேற்பகுதியை மூடிக்கொண்டிருக்கும். அதைத் தூக்கினால்தான் கருவி உள்ளே போக முடியும். இரண்டு வாரக் கட்டுப்பாட்டில் அது சுருங்கி மெத்தென்றாகிவிடும். "இனிமேல் சாப்பிட முடியாதே" என்று கடைசி வாரம் பிரியாணி விருந்து வைக்கும் வழக்கம் இந்தச் சுருக்கத்தை ஒரே வாரத்தில் அழித்துவிடுகிறது. பருத்த கல்லீரலைக் கண்டு அறுவையைப் பாதியில் நிறுத்தவும் நேரும்.

இனிப்புநீர் மருந்து எடுப்பவர்களுக்கு இந்த வாரங்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உணவு குறையும்போது இன்சுலினும் கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். எம்பாகிளிஃப்ளோசின், டாப்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை இந்த உணவோடு தொடர்ந்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. எதை எப்போது குறைப்பது, நிறுத்துவது என்பதை எழுதி வாங்க வேண்டும். வாராந்திர மெலிவு ஊசி போடுபவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். அந்த ஊசியால் இரைப்பை மெதுவாகக் காலியாகி, உணவு தேங்கியிருக்கக்கூடும்.

வீட்டுச் சமையலறையில் ஒத்திகை

அறுவைக்குப் பின் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்து மசித்தது, அதன்பின் மென்மையானது என்று உணவு மெல்ல உயரும். சிறு தட்டு, நன்றாக மென்று விழுங்குதல், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் விட்டுக் குடித்தல், காற்றடைத்த பானங்களை விடுதல் ஆகியவற்றை முன்பே பழகியவர்களுக்குப் பின்னால் வாந்தி குறைவு. ரசம் ஊற்றிப் பிசைந்து வேகமாக உண்பவர்களுக்கு இது எளிதான மாற்றமன்று. முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் சோறு. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சைவர்களுக்குப் பருப்பும் தயிரும் மட்டும் எட்டாது. தெம்பே, தௌஃபூ, புரதத் தூள் எல்லாம் சேர்த்தால்தான் ஆகும். வைட்டமின் மாத்திரை ஆயுளுக்கும் தொடர வேண்டியது. சத்து மாத்திரையை இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுபவருக்கு இந்த அறுவை ஏற்றதன்று.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் காவடி நேர்ந்திருப்பவர்கள் அறுவைத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும். முதல் சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது, விரதமும் இருக்கக் கூடாது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தல்

2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மாநிலச் சுகாதாரத் துறை விசாரித்து, மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. அச்செய்தி இங்குள்ள தமிழர்களையும் பயமுறுத்தியது. பயப்படுவதைவிடக் கேள்வி கேட்பது மேல். அறுவை நிபுணர் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார், அதே கட்டடத்தில் தீவிரச் சிகிச்சைப் பிரிவு உண்டா, நள்ளிரவில் சிக்கல் வந்தால் யார் வருவார், வெளியூரிலோ வெளிநாட்டிலோ செய்தால் பின்தொடர் சிகிச்சையை ஈப்போவில் யார் ஏற்பார். விலை மலிவு என்று விமானம் ஏறுபவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியையாவது கேட்க வேண்டும். வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், நிற்காத வயிற்றுவலி, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுதல், ஒற்றைக் கால் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை.

அறுவை வரை போகாமலிருக்க

2019 ஆய்வில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இந்தப் பிள்ளைகள் 35 வயதில் அதே அறுவைப் பிரிவுக்கு வராமலிருக்க வேண்டுமென்றால் வீடுகளிடம் கெஞ்சித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. காலையில் மைலோவுக்குச் சீனி வேண்டாம். பள்ளிவிட்டு வந்ததும் பாக்கெட் பானம் வேண்டாம். "குண்டாக இருந்தால்தான் ஆரோக்கியம்" என்று பாட்டி ஊட்டும் இரண்டாவது தட்டும் வேண்டாம். பெரியவர்கள் மாலையில் திடலைச் சுற்றி அரை மணி நேரமாவது நடந்தால் பிள்ளைகளும் கூடவே வருவார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் அந்த மாதமே கிளினிக்கில் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் பார்த்துவிட வேண்டும்; உணவு ஆலோசகரிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும்.