செவ்வாயிலிருந்து வந்து சேர்ந்த வீடியோ

நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கிய அந்த ஏழு நிமிடங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். பத்திரமாக இறங்கிவிட்டது என்ற செய்தி பூமிக்குக் கிடைத்தபோது நம் நேரப்படி 2021 பிப்ரவரி 19, அதிகாலை 2.25. அமெரிக்காவில் அப்போது 18-ஆம் தேதி பிற்பகல். இறங்கும் காட்சியின் வீடியோவை நாசா வெளியிட்டது 22-ஆம் தேதி. பாராசூட் விரிவதையும், செம்மண் புழுதி கிளம்புவதையும் உலகமே பார்த்து வியந்தது. 20 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து அந்தப் பதிவு எப்படி வந்தது என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. எனக்குக் காட்சியைவிட அது வந்த வழிதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

கேமராக்கள் கடையில் விற்கும் வகை. விண்வெளிக்கென்று பிரத்யேகமாகச் செய்தவை அல்ல. பாராசூட்டை அண்ணாந்து பார்க்க மூன்று, ஒவ்வொன்றும் நொடிக்கு 75 படம் எடுக்கக் கூடியது. ராக்கெட் பொருத்திய இறக்குமேடையிலிருந்து ஊர்தியைப் பார்க்க ஒன்று. ஊர்தியிலிருந்து மேலே பார்க்க ஒன்று, தரையைப் பார்க்க ஒன்று. இவை இல்லாமலும் ஊர்தி இறங்கிவிடும். ஆகவே விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்றே: பழுதானால் தனியாகப் பழுதாக வேண்டும், இறங்கும் வேலையைத் தொடக் கூடாது. அப்படியேதான் நடந்தது. பாராசூட்டை வெடித்து வெளியே தள்ளிய வேளையில் மூன்றில் ஒரு கேமரா நின்றுபோனது. மற்ற எதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

சிக்கல் கேமராக்கள் இருந்த இடத்தில் இருந்தது. பாராசூட்டைப் பார்த்த மூன்றும் விண்கலத்தின் பின்கூட்டில் இருந்தன. அந்தக் கூடு பாராசூட்டோடு சேர்ந்து கழன்று போய்விடும். இறக்குமேடையின் கதியும் அதுதான். 6.4 மீட்டர் நீள நைலான் கயிறுகளில் ஊர்தியைத் தொங்கவிட்டு, தரையில் வைத்ததும் கயிற்றை அறுத்துக்கொண்டு தள்ளிப் பறந்து விழுந்து நொறுங்க வேண்டும். அதாவது, படம் எடுத்த இடம் சில நிமிடங்களில் இல்லாமல் போகப் போகிறது. எடுத்த படம் அதற்குள் ஊர்திக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கயிறுகளோடு ஒரு மின்வடமும் இறங்கியது. இறக்குமேடையின் கண் கண்டதெல்லாம் அந்த வடம் அறுபடும் முன்பே அதன் வழியாக ஊர்திக்குள் வந்துவிட்டன. பூமிக்கு அனுப்புவதைப் பற்றித்தான் எல்லோரும் யோசிப்போம். அதற்கு முன் இப்படியொரு அனுப்புதல், நொடிக்கணக்கில், நடந்து முடிந்திருக்கிறது.

ஊர்தியின் தலைமைக் கணினி ஆர்ஏடி750. கதிர்வீச்சைத் தாங்கும், ஆனால் வேகம் 200 மெகாஹெர்ட்ஸ்தான். வீடியோவை அதன் தலையில் கட்ட முடியாது. அதனால் கேமராக்களுக்கென்று ஒரு சின்னக் கணினியை வைத்தார்கள். இன்டெல் ஆட்டம் சிப், லினக்ஸ், 480 ஜிபி சேமிப்பகம். படங்களைச் சுருக்கி வீடியோவாக்க எஃப்எஃப்எம்பெக். 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய அந்த இலவச மென்பொருள்தான் நம் கணினிகளில் பல வீடியோ செயலிகளுக்கு உள்ளேயும் ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்த உழைப்பு, செவ்வாய் வரை போய் வேலை பார்த்திருக்கிறது. இதை நினைக்கும்போது மனம் நிறைகிறது.

பதிவானவை 23,000-க்கும் மேற்பட்ட படங்கள், 30 ஜிபிக்கு மேல். இவற்றை எப்படி அனுப்புவது? ஊர்தி நேராகப் பூமியோடு பேசலாம். ஆனால் இதற்கு முன் சென்ற கியூரியாசிட்டி ஊர்திக்கு நாசா தரும் கணக்கின்படி, அந்த வழியில் நொடிக்கு 500 முதல் 32,000 பிட் வரைதான் போகும். அதனால் 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் எம்ஆர்ஓ போன்ற கலங்களிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். எம்ஆர்ஓவுக்கு நொடிக்கு 20 லட்சம் பிட் வரை ஏற்றலாம். ஆனால் அது தலைக்கு மேல் இருப்பது ஏறக்குறைய எட்டு நிமிடம். கிராமத்துக்கு வரும் மினி பஸ் மாதிரி, நிற்கும் நேரத்துக்குள் ஏற்றியதுதான் லாபம். ஒரு தடவைக்கு 100 முதல் 250 மெகாபிட் ஏறும். 30 ஜிபி என்பது 2,40,000 மெகாபிட். இந்தக் கணக்கில், வேறெதையும் அனுப்பாமல் இதை மட்டும் அனுப்பினாலும் குறைந்தது ஏறத்தாழ ஆயிரம் தடவை ஆகும்.

ஆகவே எதை முதலில் அனுப்புவது என்ற முடிவில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிய படங்கள் வரும். அவற்றைப் பார்த்து, எது முழு அளவில் வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்பார்கள். இறங்கிய மறுநாள் இந்தப் பதிவிலிருந்து நாசா வெளியிட்டது ஒரே ஒரு நிழற்படம்: கயிற்றில் தொங்கும் ஊர்தி, மேலிருந்து பார்த்தபடி. வீடியோ அதற்குப் பிறகுதான். பூமியில் சரியாக வந்து சேர்ந்தது என்று உறுதியாகும்வரை ஊர்தியிலுள்ள மூலத்தை அழிப்பதில்லை.

இந்தப் பொறுமை புதிதல்ல. 1965-இல் மாரினர் 4 செவ்வாயைக் கடந்தபோது எடுத்த படங்களை நாடாவில் பதிந்துகொண்டு, நொடிக்கு எட்டேகால் பிட்டுக்குச் சற்று அதிகமான வேகத்தில் அனுப்பியது. 200-க்கு 200 புள்ளி கொண்ட ஒரு படம் வர எட்டு மணி நேரத்துக்கு மேல். 2012-இல் கியூரியாசிட்டி இறங்கிய காட்சியிலும் முதலில் வந்தவை 297 சிறு படங்களே.

இவ்வளவு பாடுபட்டு வந்த வீடியோ என்ன காட்டியது? வெப்பக் கவசத்தைத் தள்ளிவிடும் சுருள்வில்களில் ஒன்று கழன்று கிடந்ததைக் காட்டியது. ஆபத்து ஏதுமில்லை. ஆனால் படம் இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரிந்தே இருக்காது. 21.5 மீட்டர் பாராசூட் செவ்வாயின் மெல்லிய காற்றில் விரிவதைப் பொறியாளர்கள் நொடிக்கு 75 படமாகப் பார்த்தார்கள். அதன் வெள்ளை, சிவப்புப் பட்டைகளில் இருமக் குறியீட்டில் ஒரு வாசகம் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ‘மகத்தானவற்றைத் துணிந்து செய்’ என்பது அதன் பொருள். வீடியோ வெளியான சில மணி நேரத்தில் ரசிகர்கள் அதைப் படித்துவிட்டார்கள். அவ்வளவு தெளிவாக வந்து சேர்ந்திருந்தது.

ஊர்தியின் வயிற்றுக்கடியில் மடங்கியபடி பயணம் செய்த ஹெலிகாப்டருக்குப் பூமியோடு நேராகப் பேசவே வழியிருக்கவில்லை. எடுத்த படம் எதுவானாலும் முதலில் ஊர்தியிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி அடுத்த வாரம்.