பலா ஏற்றும் வண்டிக்குக் கூடுதல் பட்டை தேவையா?

நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள செம்மண் கிராமங்களில் பலாவும் முந்திரியும் முக்கியப் பயிர்கள். பலா அறுவடைக் காலத்தில் தோப்பிலிருந்து பண்ருட்டி மண்டிக்குச் சரக்கு கொண்டு செல்ல விவசாயிகள் பலர் பிக்-அப் வண்டியையே நம்பியுள்ளனர். பாரம் ஏற்றியதும் வண்டியின் பின்புறம் தாழ்வதைக் கண்டு, பட்டறையில் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு. இதனால் விளையும் நன்மை தீமைகளை முன்பே அறிந்து கொள்வது நலம்.

உயரமும் விறைப்பும்

உதாரணமாக, ஐந்து பட்டைகள் கொண்ட இரு பின் ஸ்பிரிங்குகளும் சேர்ந்து 100 கிலோவுக்கு 1 செ.மீ. வீதம் தாழ்வதாகக் கொள்வோம். 1,000 கிலோ ஏற்றினால் 10 செ.மீ. தாழும். பக்கத்திற்கு அதே அளவுள்ள ஆறாவது பட்டையைச் சேர்த்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். தாழ்வு சுமார் 8.3 செ.மீ. ஆகக் குறையும். பட்டைகள் அனைத்தையும் பத்தில் ஒரு பங்கு கனமானவையாக மாற்றினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே கட்டை வைத்தால் உயரம் மட்டுமே கூடும், விறைப்பு மாறாது.

தீமைகள்

மண்டிக்குப் பாரத்தோடு செல்லும் வண்டி பெரும்பாலும் காலியாகவே திரும்புகிறது. அப்போது விறைத்த ஸ்பிரிங் பள்ளம் மேடுகளில் வண்டியைத் தூக்கிப் போடும். ஈரச் சாலையில் பின்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். அரைப் பாரம் ஏற்றும் நாளில் பழங்கள் குலுங்கி அடிபடும், அடிபட்ட இடம் விரைவில் அழுகும், விலையும் குறையும்.

சில வண்டிகளில் பின்புறம் தாழும் அளவைக் கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. பின்புறம் தாழாவிட்டால், வண்டியில் பாரம் குறைவு என்று கொண்டு வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். முழுப் பாரத்துடன் செல்லும் வண்டி நிற்க அதிகத் தூரம் பிடிக்கும். இது உயிருக்கே ஆபத்தானது.

செய்ய வேண்டியவை

பழைய பட்டை தளர்ந்தோ உடைந்தோ இருந்தால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவிலேயே இருபுறமும் சேர்த்து மாற்றவும். யூ போல்ட்டுகளைச் சில நாட்கள் ஓட்டிய பின் மீண்டும் முறுக்கவும். அடிக்கடி முழுப் பாரம் ஏற்றுவோர், பாரத்தின்போது மட்டும் தாங்கும் துணைப் பட்டை தம் வண்டிக்கு உண்டா என்று கம்பெனி பணிமனையில் விசாரிக்கலாம். மாற்றம் எதுவானாலும் வால்வையும் முகப்பு விளக்கையும் சரிபார்ப்பது அவசியம்.

பட்டை கூட்டுவதால் பதிவுச் சான்றில் கண்ட எடை வரம்பு கூடுவதில்லை. ஆக்ஸில், டயர், பிரேக் ஆகியவை பழையவையே. சரக்கு மிகுந்தால் இரண்டு நடையாகக் கொண்டு செல்வதே நல்லது. பழங்களுக்கு அடியில் வைக்கோல் பரப்பி, பாரத்தைப் பின்கோடியில் குவிக்காமல் சமமாக அடுக்கினாலே பின்புறத் தாழ்வு ஓரளவு குறையும். இதற்குப் பட்டறைச் செலவு ஏதுமில்லை.