ஏலகிரி ஏற்றமும் இருபது மணி நேரமும்

சைக்கிளை ஏழையின் வாகனமாகவே எண்ணிப் பழகியவர்கள் நாம். ஒருவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டு, பரிசுமின்றிப் பந்தயமுமின்றி, 300 கிலோமீட்டர் தூரத்தை மேடும் மலையும் தாண்டி இருபது மணி நேரத்திற்குள் மிதித்துத் தீர்க்கிறார் என்றால், அது வேலையற்றவரின் வேடிக்கை என்றே நம்மில் பலருக்குத் தோன்றும். ஆயினும் இவ்வேடிக்கை தமிழ்நாட்டில் வேரூன்றி வருகிறது. சென்னையிலும் கோயமுத்தூரிலும் வாரம் முழுதும் உத்தியோகம் பார்த்துவிட்டு, சனிக்கிழமை விடியற்காலையில் சைக்கிளேறிப் புறப்படும் வாலிபர்களும் நடுவயதினரும் இன்று அநேகர். இதில் அடங்கிய கஷ்டம் எத்தகையது, அதைத் தாங்கும் வல்லமை எவரிடம் இருக்கிறது என்பதை, நமது பழைய வட ஆற்காடு ஜில்லாவின் சாலைகளையும் மலைகளையும் முன்வைத்துச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

முதலில் விதிகளைச் சொல்லிவிடுவோம். இச்சவாரிக்கு 'பிரெவே' என்பது பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்று காலம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. முதலில் வருவோனுக்கும் கடைசியில் வருவோனுக்கும் ஒரே மதிப்புத்தான். ஆனால் கெடு தாண்டினால் சவாரி கணக்கில் சேராது. வழியில் குறித்த இடங்களில் குறித்த வேளைக்குள் அட்டையில் முத்திரை பெற வேண்டும். டயர் வெடித்தாலும் மழை கொட்டினாலும் பசித்தாலும் தூங்கினாலும் கடிகாரம் நிற்பதில்லை. அத்தாட்சி நிலையங்களைத் தவிர வேறெங்கும் பின்தொடரும் வண்டியிலிருந்து உதவி பெறலாகாது. பதக்கம் வேண்டுமாயின், ஜெயித்தவரே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்! இவ்வளவு கறாரான ஏற்பாடு நமது பரீட்சை மண்டபங்களிலும் இல்லை.

இதன் பூர்வோத்தரம் சுவையானது. 1897-ல் இத்தாலியர் சிலர் ரோமாபுரியிலிருந்து நேப்பிள்ஸ் வரை, சுமார் 230 கிலோமீட்டரை, ஒரே பகலில் சைக்கிளில் கடந்தனர். 'துணிச்சல்' என்று பொருள்படும் 'ஆடாக்ஸ்' என்ற பெயர் அவர்களிடமிருந்து கிடைத்தது. 1921-ல் பாரிஸ் சங்கத்தார், கூட்டமாகத்தான் செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கி, அவரவர் வேகத்தில் அவரவர் போகலாம் என்ற முறையை ஏற்படுத்தினர். இன்று உலகமெங்கும் நடப்பது அம்முறையே. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் சென்று திரும்பும் 1,200 கிலோமீட்டர் சவாரி 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது. இப்பொழுது அது நான்கு ஆண்டுகளுக்கொரு முறை நடக்கும் அமெச்சூர்களின் கும்பமேளா.

இனி நமது பிரதேசத்திற்கு வருவோம். வேலூரிலிருந்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டை செல்லும் சாலையைப் பார்ப்பவர் அதைச் சமவெளி என்றே சொல்லுவர். பஸ்ஸில் செல்வோருக்கு ஏற்றம் இருப்பதே தெரியாது. ஆனால் வேலூர் கடல்மட்டத்திற்கு மேல் இருநூறு மீட்டர் சொச்சம். ஜோலார்பேட்டையோ நானூறு மீட்டர் அளவு. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் எண்பது கிலோமீட்டர் தூரத்திற்கு நிலம் கண்ணுக்குத் தெரியாமல் உயர்ந்துகொண்டே போகிறது. மலை, தான் மலை என்று சொல்லிவிட்டு எதிரே நிற்கிறது. இச்சாலையோ சமவெளியின் வேஷத்தில் வழிப்போக்கனின் காலைக் கவர்ந்துகொள்கிறது. 'இன்று ஏனோ உடம்பு சரியில்லை' என்று அவன் தன்னையே நொந்துகொள்ளுகிறான். உடம்பில் குற்றமில்லை, நிலம் சாய்ந்திருக்கிறது. ஆடி மாதமாயின், அம்மியைப் பறக்கவிடும் மேல்காற்றும் முகத்தில் மோதும்.

வேலூரைப் பற்றி, நீரில்லாத ஆறும் மரமில்லாத மலையும் சாமியில்லாத கோயிலும் கொண்ட ஊர் என்று ஒரு பரிகாச மொழி உண்டு. கோயிலின் குறை 1981-ல் ஜலகண்டேசுவரர் மீண்டும் பிரதிஷ்டை செய்யப்பட்டதோடு தீர்ந்தது. ஆற்றின் குறையும் மலையின் குறையும் கோடைகாலத்தில் இன்னும் அப்படியே. நிழலற்ற பாறைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, மாலையில் அனலாகக் கக்குகின்றன. சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் உஷ்ணத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது அதிசயமன்று. அதனோடு உப்பும் போகிறது. வெறுந்தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பவனுக்கு இரத்தத்தில் உப்புக் குறைந்து, தலை சுற்றி, வாந்தியெடுத்து, புத்தியே தடுமாறும் நிலை வரக்கூடும். உப்பிட்ட நீர்மோரும் கஞ்சியும் இந்நாட்டார் கண்ட மருந்துகள். சீமையிலிருந்து வரும் வர்ணப் பொடிகளின் வேலையில் பெரும்பகுதியை அவையே செய்துவிடும். ஆம்பூர் பிரியாணியின் வாசனையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எச்சரிக்கை. சீரகச்சம்பாவின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் மலையேறுவதற்கு முன் வயிறு நிறைய அதை உண்டவர், முதல் வளைவிலேயே அதன் பாரத்தை உணருவார்.

பொன்னேரியில் ஏலகிரி மலைச்சாலை தொடங்குகிறது. சுமார் பதினான்கு கிலோமீட்டர். பதினான்கு கொண்டையூசி வளைவுகள். ஏறவேண்டிய உயரம் ஐந்நூறு மீட்டருக்குக் குறையாது. வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். முல்லைக்குத் தேரீந்த பாரியின் பெயரைப் பலகையில் படிக்கும்பொழுது, மூச்சிரைக்கும் சவாரிக்காரர் தமக்கும் ஒரு தேர் கிடைக்காதா என்று ஏங்கினால் அவரைக் குறைகூற முடியாது.

மலையின் கஷ்டத்தை எண்களால் விளக்கினால் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். ஏறும்போது மணிக்கு 7 கிலோமீட்டர், இறங்கும்போது 28 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பதினேழரை வருகிறது. கெடுவுக்கு வேண்டிய 15-ஐவிட அதிகந்தானே என்று அவசரக்காரர் திருப்தியடைவார். உண்மைக் கணக்கு வேறு. ஏற 2 மணி, இறங்க அரைமணி. ஆக 28 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி. சராசரி 11-ஐச் சற்றே தாண்டும். மலையில் இழந்த காலத்தை இறக்கம் திருப்பிக் கொடுப்பதில்லை. மீதத் தூரம் முழுவதும் சமவெளியில் வட்டியோடு அதைச் சம்பாதிக்க வேண்டும்.

பாரக் கணக்கும் அவ்வாறே. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், அதை ஐந்நூறு மீட்டர் தூக்குவதற்கு மட்டுமே ஏழெட்டு இட்டிலி தரும் சக்தி செலவாகிறது. மனிதத் தசை, உண்ட உணவில் நாலிலொரு பங்கையோ ஐந்திலொரு பங்கையோதான் வேலையாக மாற்றும். மற்றதெல்லாம் உஷ்ணமாய்ப் போகிறது. நமது ஊர்ச் சைக்கிள் இருபது கிலோவுக்கு மேற்பட்டது; இச்சவாரிக்காரர்களின் புது மாதிரிச் சைக்கிள் பத்துக் கிலோ அளவு. மலையில் இந்த வித்தியாசம் இடுப்பில் ஒரு குடம் தண்ணீரைச் சுமந்து ஏறுவதற்குச் சமம். புதுச் சைக்கிளில் பற்சக்கரங்களை மாற்றிச் சங்கிலியை இலேசாக்கிக்கொள்ளலாம். ஊர்ச் சைக்கிளுக்கு ஒரே பற்சக்கரந்தான். இவ்வசதி ஆண்மைக்கு இழுக்கு என்று கருதிய காலமும் உண்டு. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தில் 1937 வரை அதை அனுமதிக்கவில்லை. வீராப்பு வேறு, விவேகம் வேறு என்று அவர்களும் பிறகு அறிந்துகொண்டார்கள்.

ஏலகிரியோடு முடிந்துவிட்டதா? இறங்கித் திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கு ஏறி, ஜமுனாமரத்தூரைத் தொட்டுப் போளூரில் இறங்கி, வேலூர் திரும்பினால் சுற்று 250 கிலோமீட்டர் அளவுக்கு வரும். சவ்வாது மலையின் ஏற்றம் ஏலகிரியைப்போல் ஒரே மூச்சில் வருவதன்று. ஏறுவதும் இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக மனத்தை அரித்துவிடும். பெரும்பாலோருக்கு அங்கே பொழுது சாய்ந்துவிடும். 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில் வானசாஸ்திரிகள் தொலைநோக்கி நாட்டியது அவ்விடத்து இருட்டின் தூய்மைக்காகவே. நட்சத்திரம் பார்ப்போருக்கு வரமாகும் அதே இருட்டு, சைக்கிள் விளக்கின் ஒரு முழ வெளிச்சத்தில் குழியையும் கல்லையும் தேடிச் செல்பவனுக்குச் சோதனை. கை விரல்கள் மரத்துப்போகின்றன. இருக்கையில் பட்ட இடம் புண்ணாகிறது. தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச் சத்து தீர்ந்ததும், எண்ணெய் வற்றிய விளக்குபோல் உடம்பு சட்டென்று அவிந்துவிடுகிறது. அவ்வேளையில் வழியோரம் குந்தி அழுதவர்கள் உண்டு. அழுது முடித்து, ஒரு கடலைமிட்டாயைத் தின்று, எழுந்து சென்று முடித்தவர்களும் உண்டு.

நாற்பது மணி நேரச் சவாரியில் உறக்கமே பெருஞ்சத்துரு. கண்ணைத் திறந்தபடியே தூங்கும் நிலையில் சாலைமேல் இல்லாத ஆடுமாடுகள் தோன்றும். அந்நிலையில் இறங்கி இருபது நிமிஷம் பஸ் நிறுத்தத்தில் படுத்துறங்குவது கோழைத்தனம் என்று நினைப்பவரை நாம் மெச்ச மாட்டோம்.

இதைவிடக் கடுமையான மலை நாட்டில் இல்லாமலில்லை. 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்ற பல நாள் சவாரியில் பேர்பெற்றது மசினகுடியிலிருந்து உதகைக்குக் கல்லட்டி வழியாக ஏறும் சாலை. முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். நன்றாகப் பழகியவர்களே அங்கே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதுண்டு. கல்லட்டிக்குப் போக எல்லோராலும் முடியாது. ஏலகிரியோ வேலூர்க்காரர் வீட்டுத் திண்ணையிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2019-ல் பாரிஸ்–பிரெஸ்ட் சவாரிக்குச் சென்ற இந்தியர்களில் தொண்ணூறு மணிக் கெடுவுக்குள் முடித்தவர்கள் சிறுபான்மையோரே. அங்கே வானளாவிய மலை ஒன்றுமில்லை. ஆனால் ஓயாத மேடுபள்ளம். சிறு சிறு ஏற்றங்களைக் கூட்டினால் பத்தாயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். இரவில் குளிரும் எதிர்க்காற்றும் வேறு. தட்டையான சாலையில் தூரத்தை மட்டும் பழகியவருடைய கால் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கப்பால் சென்று தோற்பதைக் காட்டிலும், பொன்னேரியிலிருந்து ஒரே நாளில் மும்முறை ஏறி இறங்கிப் பார்ப்பது மலிவான பாடம்.

மற்றொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. இச்சவாரிகளுக்கு வருவோர் பெரும்பாலும் நல்ல சம்பளம் பெறும் நகரவாசிகள். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் சாலைகளுக்கும் செருப்புத் தொழிற்சாலைகளுக்கும் வெயிலிலும் மழையிலும் கனத்த சைக்கிளை மிதித்துப் போகிறவனின் காலில் உள்ள பலத்தை எந்தச் சங்கத்தாரும் அளந்து பார்த்ததில்லை. அவனுக்கு வாரத்தில் ஓய்வு ஒரே நாள். அந்நாளில் உடம்பு படுக்கையைத்தான் தேடும். செருப்புத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தார் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றிவைத்தார்கள். அதற்குப் பிறகு சர்க்கார் பள்ளி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிளும் வந்தது. அவர்களில் எத்தனையோ பேர் பள்ளி முடிந்ததும் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டார்கள். சவாரிச் சங்கத்தார் இரவலுக்குப் பத்துப் புதுச் சைக்கிள்களை வைத்துக்கொண்டு, கட்டணமின்றி ஓர் ஐம்பது கிலோமீட்டர் சவாரியை ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலேயே நடத்திப் பார்க்கட்டும். அவர்கள் காணாத கால்களை அங்கே காண்பார்கள் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

தோலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஓர் இடைச்செருகல். நெடுந்தூரச் சவாரிக்காரர் பலர் இன்றும் விரும்புவது தோல் இருக்கையை. ஆயிரம் மைல் ஓட்டிப் பழக்கினால் அது ஆளின் உடம்புக்கேற்பப் படிந்துகொள்ளுமாம். அதில் பேர்பெற்றது இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே செய்யப்படும் புரூக்ஸ் இருக்கை. உலகத்தார் பாதங்களுக்கெல்லாம் ஜோடு தைத்து அனுப்பும் பாலாற்றங்கரைக் கைகளுக்கு ஓர் இருக்கை தைப்பது எட்டாத வித்தையல்ல. 1949-ல் சென்னையில் சைக்கிள் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்ட நாடு, இருக்கைக்குச் சீமையை நோக்கவேண்டிய அவசியம் என்ன?

சாலையைப் பற்றிய குறையே எல்லாவற்றிலும் பெரிது. மலையில் தேகந்தான் கஷ்டப்படுகிறது. நெடுஞ்சாலையில் உயிரே பணயம். லாரிகளுக்காக விரித்த சாலையில் சைக்கிளுக்கென்று ஒதுக்கிய இடம் ஓரத்துக் கோடொன்றுதான். அக்கோட்டுக்கு வெளியே மண்ணும், உடைந்த கண்ணாடியும், வெடித்த லாரி டயர்களின் கம்பித் துண்டுகளும் கிடக்கின்றன. எதிர்த்திசையில் விளக்கின்றி வரும் மோட்டார் சைக்கிள்களும் அங்கேதான் வருகின்றன. சுங்கம் வசூலிப்போர் அந்த ஓரத்தை வாரத்துக்கொரு முறை பெருக்கினால், சவாரிக்காரருக்கு மட்டுமன்று, இரவு வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளிக்கும் உபகாரமாகும்.

ஏலகிரியை முதன்முறையாக முயல நினைப்பவர் மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்துகொள்ளட்டும். விடியுமுன் பொன்னேரியில் மிதிக்கத் தொடங்கினால், வெயில் சுடுமுன் புங்கனூர் ஏரிக்கரையில் இளைப்பாறலாம். வேகத்தைப் பிறரோடு ஒப்பிட வேண்டாம். வாய்விட்டு ஒரு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மிதித்தால் போதும். இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வந்தால் சக்கர விளிம்பு கொதித்து டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும், கீழிருந்து பஸ் ஏறி வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்புக.