மூச்சுவிடும் கட்டடங்கள் – 9: குளிர்ந்த அறை, பழைய காற்று

2024 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு பொதுநல வழக்கு வந்தது. வகுப்பறை ஏசிக்கென்று ஒரு தனியார் பள்ளி மாதம் 2,000 ரூபாய் வாங்குவதை எதிர்த்த வழக்கு அது. ஆய்வகம், ஸ்மார்ட் வகுப்பு போல ஏசியும் ஒரு வசதிதான், அதன் செலவைப் பெற்றோரே ஏற்க வேண்டும் என்று கூறி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. கட்டணம் யாருடையது என்பது தீர்ந்துவிட்டது. அந்தக் கட்டணத்தில் பிள்ளைகளுக்கு எத்தகைய காற்று கிடைக்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வகுப்பறைகளில் பெரும்பாலும் மாட்டப்படும் ஸ்பிளிட் ஏசி, வெளியிலிருந்து காற்றை எடுப்பதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திருப்பி விடுகிறது. குளிர் வெளியேறாதிருக்க ஜன்னல்களையும் அடைத்துவிடுகிறோம். புதிய காற்றுக்கு வழி வைக்காமல் வகுப்பறைக்கு ஏசி மாட்டக் கூடாது என்பதே இந்த வாரம் நான் வைக்கும் வாதம்.

கணக்கைப் பார்ப்போம். 20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையில் 40 பிள்ளைகள். உட்கார்ந்து படிக்கும் ஒரு பிள்ளை மணிக்கு ஏறத்தாழ 13 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடும். வெளிக்காற்றில் அதன் அளவு இன்று பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு, அதாவது 420 பிபிஎம். கதவும் ஜன்னலும் மூடிய அந்த அறையில் பத்து நிமிடத்துக்குள் அது 1,000ஐ எட்டும். கதவிடுக்கில் கசிந்து வரும் காற்றைக் கணக்கில் சேர்த்தாலும், ஒரு பாடவேளை முடிவதற்குள் 2,000ஐத் தாண்டும். நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 4 விழுக்காடு. அப்படியானால் 2,500 பிபிஎம் உள்ள அறையில் ஒரு பிள்ளை இழுக்கும் இருபது மூச்சில் ஒரு மூச்சளவு காற்று, ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய்வந்தது.

கரியமில வாயு இந்த அளவில் நஞ்சில்லையே, எதற்கு அச்சம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1858இலேயே மியூனிக் நகரின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் இதற்கு விடை சொன்னார். அந்த வாயுவை அவர் கெட்ட காற்றின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டு 1,000 பிபிஎம் என்ற வரம்பை வகுத்தார். டென்மார்க்கில் நடந்து 2017இல் வெளியான சோதனையும் அவர் பக்கமே நிற்கிறது. தூய கரியமில வாயுவை மட்டும் 3,000 பிபிஎம் வரை ஏற்றியபோது குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. மனிதர்களின் மூச்சும் உடலிலிருந்து எழும் ஆவிகளும் தேங்கி அதே அளவை எட்டியபோது தலைவலியும் சோர்வும் கூடின, சிந்தனைத் திறன் சரிந்தது. ஆக, கருவி காட்டும் எண் தேக்கத்தின் அளவைச் சொல்கிறது. கெடுதல் செய்வது அந்தத் தேக்கம்.

அந்தத் தேக்கத்தின் விலையைப் படிப்பிலும் உடல்நலத்திலும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தென்மேற்கில் 100 ஐந்தாம் வகுப்பு அறைகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், 87 அறைகளில் பரிந்துரைத்த அளவுக்குக் காற்றோட்டம் இல்லை. ஒரு மாணவருக்கு நொடிக்கு ஒரு லிட்டர் புதிய காற்று கூடக் கூட, கணிதத்தில் தேறியோர் விகிதம் ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்ந்திருந்தது. வசதியான பள்ளியில் காற்றும் நன்றாயிருக்கும், மதிப்பெண்ணும் நன்றாயிருக்கும் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது. தைபே நகரின் ஒரு பல்கலைக்கழகத்தில் காசநோய் பரவியபோது, காற்றோட்டம் குன்றிய அறைகளில் 3,200 பிபிஎம் வரை இருந்தது. அதை 600க்குக் கொண்டுவந்தார்கள். நோயாளிகளோடு பழகியவர்களிடையே, 1,000க்குக் கீழான காற்றோட்டம் நோய் 97 விழுக்காடு குறைந்ததோடு தொடர்புற்றிருந்தது என்கிறது 2020இல் வெளியான ஆய்வு. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் வாழும் நம் நாடு அலட்சியப்படுத்தக் கூடாத செய்தி இது.

வெயிலில் பிள்ளைகள் வாடவேண்டுமா என்பது அடுத்த கேள்வி. வேண்டாம், வெப்பமும் படிப்பைக் கெடுக்கும், ஏசியை நான் எதிர்க்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் புகையும் தூசியும் வருமே என்பது தில்லி போன்ற நகரங்களில் உண்மையான கவலை. ஆனால் ஏர் பியூரிஃபையர் தூசியைத்தான் பிடிக்கும். கரியமில வாயுவைக் குறைக்காது, வெளிக்காற்றையும் கொண்டுவராது. வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பும் விசிறியும், எதிர்ச்சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் இருந்தால் இரண்டு சிக்கலும் தீரும். தூசி குறைந்த ஊர்களில் பாடவேளைக்குப் பாடவேளை எதிரெதிர் ஜன்னல்களைச் சில நிமிடம் திறப்பதே பெரும் மாற்றம் தரும். எதிரெதிரே ஜன்னல் திறந்திருக்கும் எளிய பள்ளி அறைகளில் இந்தத் தேக்கம் பெரும்பாலும் உருவாவதே இல்லை.

செலவைக் காட்டி மறுக்கவும் இடமில்லை. புதிய காற்றையும் குளிரவைத்தால் மின்கட்டணம் கூடும் என்பது மெய்தான். ஆனால் மாதம் 2,000 வீதம் 40 பிள்ளைகளிடம் வாங்கினால் ஓர் அறைக்கு மாதம் 80,000 ரூபாய் சேர்கிறது. கரியமில வாயு அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிரிட்டன் அரசு 2021இல் 3 லட்சம் கருவிகளைப் பள்ளிகளுக்குத் தருவதாக அறிவித்தது. ஏசிக் கட்டணம் வாங்கும் ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு வகுப்பறையிலும் அந்தக் கருவியை மாட்டி, பெற்றோர் பார்க்கும்படி அளவை வெளியிட வேண்டும். 1,000ஐத் தாண்டும் அறையைச் சீரமைக்க வேண்டும். கட்டணம் செலுத்தும் பெற்றோர் இதைக் கேட்கலாம், பள்ளிக்கு அங்கீகாரம் வழங்கும் அரசு இதை விதியாக்கலாம். ஜன்னலைத் திறக்கவா என்று ஆசிரியரிடம் கேட்கவும் தயங்கும் வயது பிள்ளைகளுடையது. அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

(அடுத்த வாரம்: மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளின் காற்று)