இரண்டாம் திரையில் விரலும் உப்பும்

வீட்டுத் திரையரங்காகப் பயன்படும் கணினியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படத்தைத் தேடவோ துணைத்தலைப்பை மாற்றவோ முற்பட்டால், அதற்கான பட்டியல் தொலைக்காட்சித் திரையிலேயே விரிந்து காட்சியை மறைத்துவிடுகிறது. அப்பட்டியலை இருக்கைக்கு அருகிலுள்ள ஏழு அங்குலத் தொடுதிரைக்கு மாற்றிவிட்டால் படம் இடையூறின்றி ஓடும். விரலால் தொட்டுத் தெரிவுசெய்யும் திரை புதியதன்று. 1965இல் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் இருந்த அரச ராடார் ஆய்வு நிலையத்தின் ஈ. ஏ. ஜோன்சன் அதனை முன்மொழிந்தபோது, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் பணியையே மனத்தில் கொண்டிருந்தார்.

ஒரே கருவியாகத் தோன்றும் தொடுதிரை உண்மையில் இரண்டு கருவிகளின் சேர்க்கை ஆகும். படம் காட்டும் தளம் எச்டிஎம்ஐ வடத்தின் வழியே கணினியிடமிருந்து காட்சியைப் பெறுகிறது. விரலை உணரும் தளமோ யூஎஸ்பி வடத்தின் வழியே தொட்ட இடத்தைக் கணினிக்கு அறிவிக்கிறது. இவ்விரண்டும் ஒரே கண்ணாடியின்கீழ் இருப்பதைக் கணினி தானாக அறிவதில்லை. 1920 புள்ளி அகலமுள்ள தொலைக்காட்சிக்கு வலப்புறம் 1024 புள்ளி அகலமுள்ள சிறுதிரை இணைந்தால், லினக்ஸ் முறைமைகள் பலவற்றில் மொத்த அகலம் 2944 புள்ளிகள் எனக் கொள்ளப்படுவதால், சிறுதிரையின் நடுவில் வைத்த விரல் 1472ஆம் புள்ளியில், அதாவது தொலைக்காட்சியின் மேல், பதிவாகிறது. அது பதிவாக வேண்டிய இடமோ 2432. விண்டோஸில் ‘டேப்லெட் பிசி செட்டிங்ஸ்’ பகுதியில் எந்தத் திரை தொடுதிரை என்பதை ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டால் இப்பிழை நீங்குகிறது. இந்தச் சிறு அமைப்பை அறியாததால் நல்ல திரையைப் பழுதென ஒதுக்குவது வருந்தத்தக்கது.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளில் வேறொரு சிக்கலும் உண்டு. இன்று பரவலாக உள்ள மின்தேக்கத் தொடுதிரையில், கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திகள் வலைபோல் ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அவற்றிடையே மின்னூட்டம் தேங்கும் அளவு மாறுவதைக் கொண்டே தொடுகை உணரப்படுகிறது. உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், அதன் மெல்லிய படலத்தையும் திரை விரலெனக் கருதிவிடக்கூடும். மழைநீர் உள்ளே வராவிட்டாலும் கடற்காற்று கொண்டுவரும் நுண்ணிய உப்பு கண்ணாடியில் படிகிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் நீராவியை உறிஞ்சித் தானே கரையும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டளவிலேயே கசியத் தொடங்கும். ஆகவே வாடைக்காற்று மாதங்களில் மட்டுமன்றி, வறண்டதாகத் தோன்றும் நாட்களிலும் திரையின்மேல் ஈரம் எஞ்சியிருக்கலாம்.

இத்தகைய வீடுகளுக்குப் பழைய மின்தடைத் தொடுதிரையே பொருத்தமானது. இடைவெளியுடன் அமைந்த இரு கடத்தும் படலங்களுள் மேற்படலம் அழுத்தத்தால் கீழ்ப்படலத்தைத் தொடும்போது மட்டுமே அது செயற்படுவதால், மேலே படியும் ஈரம் அதனை எளிதில் ஏமாற்றுவதில்லை. இரு விரல்களின் அசைவை அவற்றுட் பல உணர்வதில்லை. ஆயினும் நிறுத்தவும் ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் ஒரு விரலே போதும். படலங்களால் ஒளி ஓரளவு மங்குவதும், விளக்கணைத்த கூடத்தில் நன்மையே. அதன் மேற்பரப்பு பிளாஸ்டிக் என்பதால், உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகள்கள் கீறல் இடும். திரையை அணைத்து, நன்னீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் உப்பை ஒற்றியெடுத்த பின்னரே துடைக்க வேண்டும்.