குறைத்தலும் திரும்பப் பெறுதலும்

ஆங்கிலத்தில் 'ரோல்பேக்' என்றொரு சொல் உண்டு. பின்னோக்கி உருட்டுதல் என்பது அதன் நேர்ப்பொருளாம். உயர்த்திய விலையைக் குறைப்பதையும், பிறப்பித்த ஆணையைத் திரும்பப் பெறுவதையும் அவ்வொரு சொல்லே குறிக்கும். தமிழிலோ இவை வெவ்வேறு வினைகள். ஆதலின், அதனைத் தமிழாக்குவோர் நிகழ்ந்தது யாதென முதலில் ஆராய்தல் வேண்டும்.

காவிரிப் படுகையில் நிகழ்ந்ததொன்றைச் சான்றாகக் கொள்வோம். 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மத்திய அரசு சுரங்க ஏலத்திற்கு அறிவித்த நிலக்கரிப் பகுதிகளுள் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்குச் சேத்தியாத்தோப்பு ஆகிய மூன்றும் இருந்தன. நெல் விளையும் நிலம் சுரங்கமாகிவிடுமோ என்று உழவர் கலங்கினர். தமிழ்நாட்டு அரசும் எதிர்ப்புத் தெரிவித்தது. ஏப்பிரல் திங்களில் அம்மூன்றும் பட்டியலினின்று நீக்கப்பட்டன. பட்டியலை நோக்குவார்க்கு இது குறைத்தலே. ஏனைய பகுதிகள் அதில் எஞ்சி நின்றன. வடசேரி உழவர்க்கோ, இது அறிவிப்பையே திரும்பப் பெற்றதாகும்.

இனி, 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் காண்போம். அது படுகையில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது. முன்னரே நடைபெற்றுவந்தவற்றை அகற்றவில்லை. எனவே அது தடுத்தலே அன்றி, 'ரோல்பேக்' ஆகாது.

சொல்லைக் கேட்ட அளவில் மனநிறைவு கொள்ளலாகாது. திரும்பியது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என வினவி அறிதலே அறிவுடைமையாகும்.